மன்றமும் மைதானமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் கால்பந்து மன்றமொன்றின் வரலாற்றைப் பேச எழுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதிலும் நான் பேசவிருப்பது நம்மூர்த் திடல்களில் ஆடப்படும் கால்பந்து அன்று. அயர்லாந்து நாட்டுக்கே உரிய கேலிக் கால்பந்து. 'கேலிக்' என்ற சொல்லில் கேலி ஏதுமில்லை; அந்நாட்டுத் தொல்குடி மக்களையும் அவர்தம் மொழியையும் குறிக்கும் பெயர் அது. வடஅயர்லாந்தின் தென்கோடியில், எல்லைக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் கிராஸ்மக்லென் என்னும் சிற்றூரில் 1887இல் தோன்றிய ஒரு மன்றத்தின் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஏன் இதைத் தேர்ந்தேன் என்பது கதை வளர வளரத் தானே விளங்கும் என்று நம்புகிறேன்.

மன்றம் என்னும் சொல்

தமிழில் 'மன்றம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பழம்பாடல்களில் அது ஊர் நடுவே மரத்தடியில் அமைந்த பொதுவிடம். மக்கள் கூடுவதும், வழக்குரைப்பதும், ஆடுவதும் பாடுவதும் அங்கேதான். பின்னாளில் அவ்விடத்தில் கூடிய கூட்டத்திற்கே அப்பெயர் ஆகிவந்தது. இடத்தின் பெயர் கூட்டத்தின் பெயரானது. இன்று நாம் இலக்கிய மன்றம், மாணவர் மன்றம், நற்பணி மன்றம் என்கிறபோது மரத்தடியை மறந்துவிடுகிறோம்.

ஐரிய மொழியில் சங்கம் என்பதற்குக் 'கும்மன்' என்று பெயர். அச்சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. ஒன்று கூட்டமைப்பு, மற்றொன்று நேயம். காதலியை விளிக்கவும் அம்மொழியில் இதே சொல் பயன்படும். ஒரு மொழி கூட்டத்திற்கு இடத்தின் பெயரைத் தந்தது. இன்னொரு மொழி அன்பின் பெயரைத் தந்தது. இடத்தைப் பறிகொடுத்த ஒரு கூட்டம் எதை நம்பி நிற்கும் என்ற கேள்விக்குக் கிராஸ்மக்லென் மன்றத்தின் வரலாறு ஒரு விடை.

விடுதியில் கூடிய சிலர்

தனியொரு மன்றத்தின் கதையை அதன் தாய்ச்சங்கத்தின் கதையிலிருந்து பிரிக்க இயலாது. 1884 நவம்பர் 1ஆம் நாள், திப்பரேரி மாவட்டத்துத் தர்லெஸ் நகரில், ஹேய்ஸ் என்பாரின் விடுதியில் ஒரு கூட்டம் நடந்தது. மைக்கேல் கியூசக் என்ற பள்ளி ஆசிரியர் அழைத்த கூட்டம் அது. வந்தவர்கள் ஏழு பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் இதழாளரும் இருந்தனர். நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம். ஆங்கிலேயரின் ஆட்டங்களே நாகரிகம் எனக் கருதப்பட்ட காலம். மக்கள் தமக்குரிய ஆட்டங்களைத் தாமே ஒழுங்குபடுத்தி ஆட வேண்டும் என்பது கியூசக்கின் வேட்கை. தடகள வீரரான மாரிஸ் டேவின் முதல் தலைவரானார். கேலிக் தடகளச் சங்கம் இவ்வாறு பிறந்தது. அடுத்த ஆண்டே விதிகள் வகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அணிக்கு இருபத்தொருவர் ஆடினர். 1892இல் அது பதினேழாயிற்று. 1913இல் பதினைந்தாகி இன்றளவும் நிலைத்திருக்கிறது.

கியூசக் அவர்களைப் பற்றி ஒரு செய்தி. ஓயாத கடிதச் சண்டைகளாலும், கணக்குகளை உரிய வேளையில் ஒப்படைக்காததாலும், தாம் தொடங்கிய சங்கத்தின் செயலர் பதவியிலிருந்தே 1886இல் அவர் நீக்கப்பட்டார். நிறுவனரே வெளியேற்றப்பட்ட பின்னும் சங்கம் வளர்ந்தது. பின்னாளில் ஜேம்ஸ் ஜாய்ஸ் தமது 'யுலிசிஸ்' நாவலில் மதுக்கடையில் அமர்ந்து முழங்கும் 'குடிமகன்' என்ற பாத்திரத்தைப் படைத்தபோது கியூசக்கையே மனத்தில் கொண்டிருந்தார் என்று ஆய்வாளர் கூறுவர். அந்த நாவலில் அவர் நகைப்புக்குரியவர். ஆனால் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மன்றங்கள் அவர் எழுதிய அழைப்புக் கடிதத்தின் பயனாக இயங்குகின்றன. இரண்டும் உண்மையே.

இச்சங்கத்தின் அடிக்கல் இரண்டு. ஒன்று, திருச்சபைப் பங்கே மன்றத்தின் எல்லை. பொதுவாக, ஒருவர் பிறந்து வாழும் பங்கின் மன்றத்துக்காகத்தான் ஆட முடியும். நல்ல ஆட்டக்காரரைப் பக்கத்து ஊரிலிருந்து விலைக்கு வாங்க முடியாது. இரண்டு, ஊதியம் கிடையாது. குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் இறுதியாட்டம் ஆடியவர் மறுவாரம் வகுப்பறைக்கோ வயலுக்கோ கட்டட வேலைக்கோ திரும்பிவிடுவார்.

ஆட்டத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்தபடி நான்கு அடிக்கு மேல் ஓடலாகாது; பந்தைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது கால்விரல் நுனியால் மேலெழுப்பிக் கையில் ஏந்த வேண்டும். கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்தின் கீழ் வலைக்குள் சென்றால் மூன்று புள்ளி. சட்டத்தின் மேலாகச் சென்றால் ஒரு புள்ளி. 2025ஆம் ஆண்டு வந்த புதிய விதிப்படி நாற்பது மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்துச் சட்டத்தின் மேல் அனுப்பினால் இரண்டு புள்ளி. ஆட்டத்தின் அழகு உயர எழுந்து பந்தைப் பற்றுவதில் இருக்கிறது என்பர் அந்நாட்டார்.

பாட்டுக்காரர் நாடு

கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. கிராஸ்மக்லென் அமைந்துள்ள தென் அர்மாப் பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரிய மொழிக் கவிதையின் கடைசிப் பெருங்கோட்டைகளுள் ஒன்று. அரசியலில் தோற்று, நிலமிழந்து, ஆதரிக்கும் குறுநிலத் தலைவர்களும் அழிந்துபோன பின், கூலி வேலை செய்துகொண்டே மரபுக் கவிதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அப்பகுதிக் கவிஞர்கள். பீடர் ஓ டோர்னின் அவர்களுள் ஒருவர். ஷேமஸ் டால் மாக் கூர்த்தா இன்னொருவர். 'டால்' என்றால் பார்வையற்றவர். அந்தப் பார்வையற்ற கவிஞர் பாய்ன் ஆற்றங்கரையில் நடந்த ஒரு பந்தாட்டத்தைப் பாடியிருக்கிறார். இவ்விளையாட்டின் முன்னோடியைப் பற்றிய பழைய சான்றுகளுள் அப்பாடலும் ஒன்றாக இன்று காட்டப்படுகிறது. கண்ணால் காணாத ஆட்டத்தைக் காதால் கேட்டுப் பாடியவரே அந்த ஆட்டத்தின் வரலாற்றுக்குச் சாட்சியானார்.

ஆர்ட் மாக் கூவி 1738இல் பிறந்து 1773இல் மறைந்தவர். முப்பத்தைந்து ஆண்டே வாழ்ந்த அவர், கிராஸ்மக்லெனை அடுத்த கிரெகன் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். பண்ணையில் கூலியாளாக இருந்தபோது வண்டியில் எருவேற்றிக்கொண்டு மலைமேல் போனவர், மனத்தில் ஒரு பாடல் உருவாகிக்கொண்டிருந்தபடியால், எருவை இறக்காமலே மேலும் கீழுமாகப் பலமுறை வண்டியோட்டினார் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அப்பகுதியில் ஐரிய மொழி பெரும்பாலும் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. மொழி போன இடத்தில் ஆட்டம் வந்து நின்றது. மொழிக்கு ஈடாக ஆட்டம் ஆகுமா என்று கேட்டால், ஆகாது. ஆயினும் பாடல் ஒலித்த ஊர்களில் மக்களைத் திரட்டி வைக்கும் பணியை ஆட்டம் ஏற்றுக்கொண்டது. சங்கமும் இதை உணர்ந்தே இருந்தது. 1969 முதல் 'ஸ்கோர்' என்னும் பெயரில் மன்றங்களுக்கிடையே பாட்டு, இசைக்கருவி, நடனம், கதை சொல்லல் முதலியவற்றில் போட்டி நடத்தி வருகிறது. மழையும் குளிரும் மிகுந்து மைதானம் ஓய்ந்திருக்கும் பருவத்தில் ஆட்டக்காரர்களே மேடையேறிப் பாடுவார்கள்.

கம்பங்களுக்கிடையே ஒரு கவிஞர்

கிராஸ்மக்லெனுக்குச் சில மைல் தொலைவில், எல்லைக்கு மறுபுறம், மொனகன் மாவட்டத்தில் இன்னிஸ்கீன் என்ற பங்கு இருக்கிறது. அவ்வூர் மன்றத்தின் பெயர் இன்னிஸ்கீன் கிராட்டன்ஸ். அதன் கோல் காவலராக ஒரு காலத்தில் இருந்தவர் பேட்ரிக் கவனா. 1904இல் பிறந்து 1967இல் மறைந்த அவர், இருபதாம் நூற்றாண்டு ஐரியக் கவிதையின் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர். செருப்புத் தைப்பவரின் மகன், தாமும் அத்தொழில் பயின்றவர், சிறு உழவர். கம்பங்களுக்கிடையே நிற்க வேண்டியவர் எங்கோ அகன்றிருந்த வேளையில் எதிரணியினர் கோல் போட்டுவிட்டார்கள் என்று இன்னிஸ்கீனில் ஒரு கதை உலவுகிறது. மன்றத்தின் பணமும் அவர் பொறுப்பில் இருந்தது. அதைக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் வைத்திருந்ததாகவும், சிகரெட்டு வாங்கும் அளவுக்கு அவ்வப்போது அப்பெட்டியைத் தாம் திறந்திருக்கக் கூடும் என்றும் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நம் வட்டத்துப் பொருளாளர் இந்த முன்னுதாரணத்தைப் பின்பற்ற மாட்டார் என்று நம்புகிறேன்.

கவனா சொன்ன கருத்தொன்று இன்றைய உரைக்கு இன்றியமையாதது. சிற்றூர் மனத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். தலைநகரம் என்ன நினைக்கும் என்று அஞ்சி, அங்கிருந்து ஒப்புதல் வரும் வரை தன் கண்ணால் கண்டதையே நம்பாத மனம் ஒருவகை. தன் பங்கின் வாழ்வு பாடத்தக்கதா என்ற ஐயமே எழாத மனம் மற்றொரு வகை. பெரிய இலக்கியமெல்லாம் இரண்டாம் வகை மனத்திலிருந்துதான் பிறக்கிறது என்பது அவர் துணிபு. அவருடைய புகழ்பெற்ற பதினான்கடிப் பாடலொன்று, ஐரோப்பா போரின் விளிம்பில் நின்ற ஆண்டில், அரைத்துண்டு பாறை நிலத்துக்காக இரு உழவுக் குடும்பங்கள் இட்ட சண்டையைப் பேசுகிறது. எது பெரிது என்று கவிஞர் தயங்கும்போது ஹோமரே தோன்றித் தம் காவியமும் இத்தகைய உள்ளூர்ச் சண்டையிலிருந்து எழுந்ததே என்று தேற்றுகிறார்.

வரப்புச் சண்டைகளை நாம் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் கவனா நமக்கு அந்நியராகத் தோன்றுவதில்லை. அவர் ஆர்ட் மாக் கூவியின் பெயரிலேயே ஒரு கவிதை எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கொள்க. எருவண்டியோட்டிய கூலிக் கவிஞரும், கோல் காத்த உழவுக் கவிஞரும் ஒரே மண்ணின் பிள்ளைகள்.

1921இல் நாடு இரண்டாக வகுக்கப்பட்டபோது அந்த மண்ணின் குறுக்கே எல்லை விழுந்தது. கிராஸ்மக்லென் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட வடபகுதியில் அகப்பட்டது. இன்னிஸ்கீன் தென்பகுதியில் சேர்ந்தது. ஆனால் கேலிக் தடகளச் சங்கம் அந்தக் கோட்டைத் தன் வரைபடத்தில் ஏற்கவில்லை. பழைய அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது மாவட்டங்களும் இன்றும் ஒரே கிண்ணத்துக்காக ஆடுகின்றன.

மதிலுக்கு அப்பால்

கிராஸ்மக்லென் மன்றத்தின் மைதானத்துக்குப் புனித ஆலிவர் பிளங்கெட் பெயர். அர்மாவின் பேராயராக இருந்து 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர் அவர். மைதானத்தை அடுத்துக் காவல் நிலையம் இருந்தது. இந்த அண்டைமைதான் பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் காரணம்.

1969இல் வடஅயர்லாந்தில் கலவரம் மூண்டு ஆங்கிலேயப் படை தெருவுக்கு வந்தது. 1971 ஆகஸ்டில் தென் அர்மாவைச் சேர்ந்த ஒருவர் பெல்பாஸ்டில் தம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது படைவீரரின் குண்டுக்கு இரையானார். அதன் பின் தென் அர்மா கொந்தளித்தது. சாலைகளில் கண்ணிவெடி வைக்கப்பட்டமையால் படையினர் தரைவழிப் பயணத்தையே கைவிட்டனர். உணவு முதல் குப்பை வரை எல்லாம் ஹெலிகாப்டரில்தான் வந்துபோயின. ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமே! காவல் நிலையம் படைத்தளமாக மாறியது. பக்கத்தில் இருந்த சமநிலமோ கால்பந்து மைதானம். 1970களின் தொடக்கத்தில் மன்றத்தின் நிலத்தில் ஒரு பகுதி படையின் கைக்குப் போயிற்று. மதில்களும் கண்காணிப்புக் கோபுரமும் எழுந்தன.

அதன் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அம்மன்றம் படைத்தளத்தின் நிழலில் ஆடியது. ஆட்டத்தின் நடுவே ஹெலிகாப்டர் தாழப் பறந்து வரும். சுழலும் இறக்கைகளின் இரைச்சலில் நடுவரின் ஊதல் கேட்காது. மதிலைத் தாண்டி விழுந்த பந்து எல்லாம் திரும்பி வந்ததில்லை. ஆட வரும் சிறுவர்கள் வழியில் சோதனைக்கு நிறுத்தப்படுவார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். துன்பம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததில்லை. தென் அர்மாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படைவீரர்கள் ஐரியக் குடியரசுப் படையினரால் கொல்லப்பட்டனர். ஊர்ச் சதுக்கத்தில் நின்ற காவல் கோபுரத்துக்கே அங்கு இறந்த ஓர் இளம் படைவீரரின் பெயர்தான் வழங்கியது. அவர்களும் எங்கோ ஒரு தொழிற்சாலை நகரத்தில் பந்தாடி வளர்ந்த பிள்ளைகள். மதிலின் இருபுறமும் நின்றவர்கள் பதினெட்டு, இருபது வயதினர்.

மன்றத்தார் செய்தது என்ன? அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதேவேளை ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்வது எளிது. சினம் கொண்டு மைதானத்தைப் பூட்டிவிட்டு முறையீடு மட்டும் செய்துகொண்டிருக்கலாம். அல்லது வம்பு வேண்டாம் என்று ஊருக்கு வெளியே வேறு நிலம் பார்த்துப் போய்விடலாம். கிராஸ்மக்லென் மக்கள் மூன்றாவது வழியைப் பிடித்தனர். எஞ்சிய நிலத்தில் சிறுவர் அணி, இளைஞர் அணி, முதன்மை அணி என்று ஆடிக்கொண்டே, சங்க மாநாடுகளிலும் அரசுகளிடமும் ஆண்டுதோறும் முறையிட்டனர். நிர்வாகக் குழுக்கள் மாறின, கோரிக்கை மாறவில்லை. முறையீட்டுக் கடிதம் எழுதத் தொடங்கிய செயலரின் பிள்ளைகள் காலத்தில்தான் அதற்கு விடை வந்தது.

வெற்றி ஆண்டுகள்

வெற்றி மதிலை இடித்த பின் வரவில்லை. மதில் நின்றபோதே வந்தது. 1996இல் கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் அர்மா மாவட்டப் பட்டத்தை வென்றது. அதிலிருந்து 2008 முடியப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அப்பட்டம் வேறு எந்த மன்றத்துக்கும் போகவில்லை. ஜோ கெர்னன் பயிற்சியாளர். 1977 அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் அர்மா மாவட்ட அணிக்காக இரண்டு கோல் போட்டும் டப்ளினிடம் தோற்றுத் திரும்பியவர் அவர். மக்கென்டீ குடும்பத்து இரட்டையர், மக்கன்வில் குடும்பத்துச் சகோதரர் என்று ஒரே ஊரில் சிறுவர் அணி முதல் சேர்ந்து ஆடியவர்கள் அவர் கையில் கிடைத்தனர்.

1997 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். டப்ளின் குரோக் பார்க் அரங்கில் மேயோ மாவட்டத்து நாக்மோர் மன்றத்தை 2–13க்கு 0–11 என்ற கணக்கில் வென்று, அகில அயர்லாந்து மன்றக் கிண்ணத்தைக் கிராஸ்மக்லென் முதன்முறையாகப் பெற்றது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், பிப்ரவரி 12ஆம் நாள், சில மைல் தொலைவில் ஒரு சோதனைச் சாவடியில் இருபத்து மூன்று வயதுப் படைவீரர் ஒருவர் மறைந்திருந்து சுடப்பட்டு இறந்தார். போர் ஓயாத ஊருக்குத்தான் கிண்ணம் வந்தது. தென் அர்மா என்றாலே வெடிகுண்டு என்று செய்தித்தாள்களில் படித்துப் பழகிய மக்கள், முதன்முறையாக அவ்வூர்ப் பெயரை விளையாட்டுப் பக்கத்தில் படித்தார்கள்.

1999இல் பல்லினா ஸ்டீபனைட்ஸ் மன்றத்தை ஒரே புள்ளியில், 0–9க்கு 0–8 என்று வென்றனர். 2000இல் டப்ளினின் நா ஃபியானா மன்றத்தை வென்றனர். பின்னர் 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் வந்தது. மொத்தம் ஆறு. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாத ஊர் அது. ஆட்டக்காரரை வெளியிலிருந்து வாங்க முடியாது என்ற விதியை மீண்டும் நினைவில் கொள்க. இதற்கிடையே 2002இல் அதே ஜோ கெர்னன் பயிற்றுவித்த அர்மா மாவட்ட அணி, கெர்ரியை ஒரு புள்ளியில் வென்று தன் முதல் அகில அயர்லாந்துப் பட்டத்தைப் பெற்றது. அந்த ஆட்டத்தின் முற்பாதியில் கிராஸ்மக்லெனின் ஆயிஷீன் மக்கன்வில் தண்ட உதையை வீணாக்கினார். இடைவேளையில் கெர்னன், 1977இல் தோற்றதற்காகத் தமக்குக் கிடைத்த நினைவுப் பலகையைச் சுவரில் எறிந்து உடைத்துக் காட்டினார். பிற்பாதியில் வெற்றிக்கு வழிவகுத்த கோலைப் போட்டவர் அதே மக்கன்வில்தான். அம்மக்கன்வில் சூதாட்ட நோயால் தாம் பட்ட பாட்டை 2007இல் வெளிவந்த தம் நூலில் ஒளிவின்றி எழுதினார். அதன் பின் அந்நோயில் வீழ்ந்தோர்க்கு ஆற்றுப்படுத்துநராகவும் பணியாற்றினார். கிண்ணத்தைத் தூக்கிய கை நடுங்கியதும் அந்த ஊரின் வரலாற்றில் அடங்கும்.

விதி எண் 21

1998 ஏப்ரல் 10ஆம் நாள் பெல்பாஸ்டில் அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டது. 1999இல் மன்றத்தின் நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. 2007இல் படைத்தளம் அறவே மூடப்பட்டது. அதே ஆண்டில் மன்றம் கெர்ரியின் டாக்டர் குரோக்ஸ் மன்றத்துடன் சமநிலையில் முடிந்த இறுதியாட்டத்தை மீண்டும் ஆடி வென்றது.

ஆனால் மதில் இரும்பாலும் கல்லாலும் மட்டும் ஆனதன்று. கேலிக் தடகளச் சங்கத்தின் சட்டப் புத்தகத்திலும் ஒன்று இருந்தது. ஆங்கிலேயப் படையினரும் வடஅயர்லாந்துக் காவலரும் சங்கத்தில் உறுப்பினராக முடியாது என்ற விதி எண் 21. 1920 நவம்பர் 21ஆம் நாள் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரசுப் படையினர் புகுந்து சுட்டதில், ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் உட்படப் பதினால்வர் மாண்டனர். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்த நினைவு இவ்விதிக்கு உரமூட்டியது. கிராஸ்மக்லென் மைதானத்தின் நிலையும் விதியை நீக்கக் கூடாது என்போர்க்கு வலுவான சான்றாக இருந்தது.

2001 நவம்பரில் சிறப்பு மாநாடு கூடி அவ்விதியை நீக்கிற்று. வடபகுதியின் ஆறு மாவட்டங்களுள் டவுன் நீங்கலாக ஐந்தும், அர்மா உட்பட, நீக்கத்தை எதிர்த்தன. எதிர்த்தவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. மைதானத்தின் ஒரு பகுதி இன்னும் மதிலுக்குள் இருந்தபோது அவர்களிடம் பெருந்தன்மை கேட்கப்பட்டது. தென்பகுதியில் பாதுகாப்பாக இருந்தவர்களுக்குப் பெருந்தன்மை எளிது. ஆயினும் பெரும்பான்மை முடிவு வந்தபின் எந்த மன்றமும் சங்கத்தை உடைத்துக்கொண்டு வெளியேறவில்லை. தோற்ற கருத்துடையோரும் மறுவாரம் ஆட வந்தார்கள். ஆறு கிண்ணங்களை விடவும் இது பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

2011 மே மாதத்தில் ஆங்கிலேய அரசி இரண்டாம் எலிசபெத் குரோக் பார்க்குக்கு வந்து சங்கத் தலைவருடன் மைதானத்தின் விளிம்பில் நின்றார். 2024 ஜூலையில் அர்மா, கால்வேயை வென்று தன் இரண்டாம் பட்டத்தைப் பெற்றபோது அவ்வணியிலும் கிராஸ்மக்லென் இளைஞர்கள் இருந்தனர். 2012க்குப் பின் மன்றக் கிண்ணம் அவ்வூருக்கு வரவில்லை. பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் வெளியே போகிறார்கள். மன்றமோ நாள்தோறும் இயங்குகிறது.

நமக்குரியது

அவையோரே, ஒரு வட்டம் பத்தாண்டு நிலைப்பது எளிதன்று. கூட்டத்துக்கு இடம் கேட்டு அலைவதும், நாற்காலி போடுவதும், அழைப்பிதழுக்குப் பணம் திரட்டுவதும், வருவோரை விட வராதோர் மிகுந்த மாதங்களில் சோராமல் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பதும் எத்தகைய பணி என்பது இங்கே முன்வரிசையில் அல்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். கிராஸ்மக்லென் கதையிலிருந்து அவர்களுக்காக மூன்று செய்திகளை எடுத்து வைக்கிறேன்.

முதலாவது, இடத்தைப் பற்றிய உரிமையை விடாமலிருப்பதும், இடம் வரும்வரை பணியை நிறுத்தாமலிருப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களே நிலைத்தார்கள்.

இரண்டாவது, நம் பங்கைப் பாடுவதற்கு நாம் எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. கவிஞர் பெருமக்கள் கவனாவின் பாகுபாட்டைத் தங்கள் கையெழுத்துப்படிகளோடு வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பெருநகரத்து இதழ் ஏற்குமா என்று எண்ணி எழுதிய வரி எது, நம் தெருவில் கண்டதை ஐயமின்றி எழுதிய வரி எது என்று பிரித்துப் பார்த்தால் எதைக் காக்க வேண்டும் என்பது தெரியும்.

மூன்றாவது, மலர் பற்றியது. விழா மலர் என்றால் வாழ்த்துரைகளும் நிழற்படங்களும் பரிசு பெற்றோர் பட்டியலும் நிறைந்துவிடுவது வழக்கம். வெற்றிகள் மட்டும் எழுதப்பட்ட வரலாறு பிற்காலத்தார்க்கு உதவாது. கிராஸ்மக்லென் வரலாற்றில் கிண்ணங்களை மட்டும் எழுதியிருந்தால் அது இன்னொரு வலிமையான அணியின் கதையாகவே முடிந்திருக்கும். மதிலும், திரும்பி வராத பந்தும், மாநாட்டில் தோற்ற வாக்கும், வீணான தண்ட உதையும் சேர்ந்ததால்தான் அது ஓர் ஊரின் கதையாகியது. நம் மலரிலும் நாம் உடன்படாத விவாதங்கள் இடம்பெறட்டும். கோபித்துக்கொண்டு போனவர்களின் பெயரும் இடம்பெறட்டும். அவர்களுடைய கவிதைகளை வாசித்துத்தான் நாமும் வளர்ந்தோம். நூற்றாண்டு கடந்த சங்கத்தில் கியூசக் பெயர் இன்னும் இருக்கிறது. அவரை நீக்கிய கூட்டத்தின் குறிப்பும் இருக்கிறது.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுக்கு என் வாழ்த்துகள். இருபதாம் ஆண்டு மலருக்கான குறிப்பேட்டை அடுத்த மாதக் கூட்டத்திலேயே திறந்துவிடுமாறு செயலரைக் கேட்டுக்கொள்கிறேன்.